ஈரத்தின் ஆழமும் மழையின் அளவும்: திருத்தணி வட்டாரத்தை முன்வைத்து நீர் ஊடுருவல் அளவீட்டின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

பெய்த மழையில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்கியது என்னும் வினா ஒன்றே. அதற்கு உழவரும் பொறியாளரும் மண்ணியலாளரும் நிதி நிறுவனங்களும் வெவ்வேறு அலகுகளில் விடை தேடியுள்ளனர். ஈரத்தின் ஆழம், ஊடுருவும் வீதம், மழையில் விழுக்காடு என்னும் மூன்று அளவீட்டு முறைகள் தமிழகச் சூழலில் அடுத்தடுத்து எவ்வாறு முதன்மை பெற்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கடும்பாறை நிலத்தில், இரு மாநில எல்லையில் அமைந்த திருத்தணி வட்டாரம் இதற்குரிய களமாகக் கொள்ளப்படுகிறது. நிலத்தடி நீர் பற்றிய நிருவாக முடிவுகளைத் தீர்மானிக்கும் விழுக்காடு பாறை வகைக்கு உரியது என்பதும், குறிப்பிட்ட ஊரின் மண்ணில் அளக்கப்பட்டதன்று என்பதும், அதன் விளைவுகள் எத்தகையன என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நீர் ஊடுருவல், உழவு மழை, மழைமானி, டிரிட்டியம், நிலத்தடி நீர் மதிப்பீடு, கொசஸ்தலையாறு, திருத்தணி

முன்னுரை

திருத்தணி முருகன் கோயிலால் அறியப்படும் ஊர். நீரியல் நோக்கில் அது கொசஸ்தலையாற்று வடிநிலத்தின் மேற்பகுதியைச் சார்ந்தது. ஊரை ஒட்டி நந்தியாறு செல்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதி ஆற்று வண்டலும் கடலோரப் படிவுகளும் கொண்டது. மேற்கில் உள்ள திருத்தணி, பள்ளிப்பட்டு, இராமகிருஷ்ணராஜுப்பேட்டைப் பகுதிகள் கடும்பாறை நிலம். வண்டல் நிலத்தில் மணற்படுகைகளே நீர்க்கலங்களாக அமைகின்றன. கடும்பாறை நிலத்திலோ, மேலுள்ள சிதைவுற்ற பாறை அடுக்கும் அதன் கீழுள்ள வெடிப்புகளும் மட்டுமே நீரைத் தாங்குகின்றன. ஆகவே ஒவ்வொரு பருவத்திலும் மண் எவ்வளவு நீரை உள்வாங்கியது என்பதே இவ்வட்டாரக் கிணறுகளின் வாழ்வைத் தீர்மானிக்கிறது.

தமிழக நீர் வரலாறு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் ஏரி, கால்வாய், மதகு, குடிமராமத்து, பாசன உரிமை ஆகியவற்றையே மையமாகக் கொண்டுள்ளன. அவை கண்ணுக்குப் புலப்படும் நீரின் வரலாறு. மண்ணுக்குள் சென்று மறையும் நீரை மனிதர் எவ்வாறு அளந்தனர் என்னும் வரலாறு குறைவாகவே பேசப்பட்டுள்ளது. அளவீடு என்பது தொழில்நுட்பச் செயல் மட்டுமன்று. எதை அளப்பது, எங்கு அளப்பது, எந்த அலகில் சொல்வது என்பவை யாருடைய தேவைக்காக அளக்கப்படுகிறது என்பதைச் சார்ந்தவை. இக்கட்டுரை அவ்வடிப்படையில் அமைகிறது.

உழவு மழை: ஆழமே அலகு

தமிழக வேளாண் வழக்கில் மழையின் அளவு 'ஓர் உழவு மழை', 'இரண்டு உழவு மழை' எனக் கூறப்பட்டு வந்தது. நாட்டுக்கலப்பை சென்று உழத்தக்க ஆழத்திற்கு மண்ணை நனைத்த மழை என்பது இதன் பொருள். மழை நின்றபின் மண்ணைக் கிளறி ஈரம் எத்தனை விரல், எத்தனை சாண் இறங்கியுள்ளது என்று பார்ப்பதே அளவிடும் முறை. இரு மொழியும் வழங்கும் எல்லைப் பகுதிக்குப் பொருத்தமான மற்றொரு செய்தியும் உண்டு. உழவுக்கும் விதைப்புக்கும் ஏற்ற மண் ஈரத்தைத் தமிழ் 'பதம்' என்கிறது. தெலுங்கு 'பதுனு' என்கிறது. இரு மொழி உழவர்க்கும் மழை என்பது மண் அடைந்த நிலையே ஆகும்.

இவ்வழக்கைத் துல்லியமற்ற நாட்டுப்புறக் கணிப்பு என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அது அளந்த பொருள் வேறு என்பதைக் கருத வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். உலர்ந்த நிலத்தில் 30 மில்லிமீட்டர் மழை முழுவதும் மண்ணுக்குள் இறங்கியது எனக் கொள்வோம். தன் கன அளவில் மேலும் 8 விழுக்காடு நீரைத் தாங்கும் மணற்பாங்கான மண்ணில் ஈரம் ஏறத்தாழ 37 சென்டிமீட்டர் இறங்கும். 15 விழுக்காடு தாங்கும் செம்மண்ணில் அது 20 சென்டிமீட்டர். 25 விழுக்காடு தாங்கும் களிமண்ணில் 12 சென்டிமீட்டர் மட்டுமே. சரிவில் பெய்து ஓடிவிட்ட மழை இக்கணக்கிற்குள் வராது. ஒரே மழை ஒரு கொல்லையில் இரண்டு உழவாகவும் அடுத்த கொல்லையில் ஓர் உழவாகவும் இருப்பது இதனாலேயே. உழவு மழை என்னும் அலகு வானிலிருந்து வீழ்ந்த நீரை அளக்கவில்லை. மழையும் மண்ணும் கூடிய விளைவை, அதாவது ஊடுருவலை, அது அளந்தது.

இம்முறைக்கு வரம்புகள் உண்டு. வேர் மண்டலத்திற்குக் கீழே சென்ற நீரை அது காணாது. ஓர் ஊரின் அளவை மற்றோர் ஊரின் அளவோடு ஒப்பிட இயலாது. எழுத்தில் பதியப்படாமையால் ஆண்டுத்தொடர் உருவாகவும் இல்லை. வரி விதிப்பிற்கும் பஞ்சக் கணிப்பிற்கும் ஒப்பிடத்தக்க எண்களை வேண்டிய ஓர் அரசுக்கு இவ்வலகு பயன்படவில்லை.

மழைமானியும் பொறியாளரும்: ஊடுருவல் 'இழப்பாக' மாறுதல்

சென்னை வானாய்வகம் 1792இல் நிறுவப்பட்டது. அங்கு 1813 முதல் மழைப்பதிவுகள் கிடைக்கின்றன. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தோற்றுவிக்கப்பட்டபின் மழைமானிகளின் வலைப்பின்னல் ஒரே தரத்திற்குக் கொண்டுவரப்பட்டது. பரவலாகப் பயன்பட்ட சைமன்ஸ் மழைமானியின் வாய் விட்டம் 127 மில்லிமீட்டர். அதன் பரப்பு ஏறத்தாழ 127 சதுர சென்டிமீட்டர். அலுவலக வளாகத்தில் நின்ற அச்சிறு வாய்க்குள் வீழ்ந்த நீரே சுற்றியுள்ள பெரும்பரப்பின் மழையாக ஏட்டில் ஏறியது. மழை மண்ணிலிருந்து பிரிக்கப்பட்டு, எங்கும் ஒப்பிடத்தக்க தனி எண்ணாயிற்று. பஞ்சக் கணிப்பிற்கும் பருவமழை ஆய்விற்கும் இது பெரும் பயன் அளித்தது என்பதில் ஐயமில்லை.

அக்காலப் பாசனப் பொறியாளரின் வினா உழவரின் வினாவிற்கு நேர்மாறானது. ஏரிக்கும் அணைக்கும் எவ்வளவு நீர் வந்து சேரும், கலிங்கல் எவ்வளவு வெள்ளத்தைத் தாங்க வேண்டும் என்பவையே அவருக்கு முக்கியம். சென்னை மாகாணத்தில் வெள்ள அளவைக் கணிக்கப் பரவலாகப் பயன்பட்ட ரைவ்ஸ் சூத்திரம் 1884இல் உருவானது. நீர்ப்பிடிப்புப் பரப்பையும் ஒரு கெழுவையும் கொண்டது அச்சூத்திரம். கடற்கரையிலிருந்து உள்ள தொலைவு, மலை அண்மை ஆகியவற்றைப் பொறுத்துக் கெழு மாறும். மண்வகை அதில் தனி உறுப்பாக இடம்பெறவில்லை. பம்பாய் மாகாணத்தில் ஸ்ட்ரேஞ்ச் 1892இல் வகுத்த வழிந்தோடு நீர் அட்டவணைகள் ஒரு படி முன்னேறின. நீர்ப்பிடிப்பை நல்லது, நடுத்தரம், குறைவு என்றும், நிலத்தை உலர்ந்தது, ஈரமானது, நனைந்தது என்றும் அவை பிரித்தன. ஆனால் ஏரிக்கு மிகுதியான நீர் தரும் நிலமே அங்கு 'நல்ல' நீர்ப்பிடிப்பு. நீரை உள்வாங்கும் நிலம் குறைபாடுடையதாகிறது. ஊடுருவல் 'இழப்பு' என்னும் தலைப்பின்கீழ்ச் சென்றது.

திருத்தணிக்கு இக்காலகட்டத்தில் கூடுதல் சிக்கல் ஒன்று இருந்தது. அது வடஆர்க்காடு மாவட்டத்தில் கார்வேட்டிநகர் ஜமீனுக்கு உட்பட்ட பகுதி. 1883இல் தொடங்கிய சென்னை மாகாண ஏரிச் சீரமைப்புத் திட்டம், நீர்ப்பிடிப்பு விவரங்களை ஏரிவாரியாகத் தொகுத்த பெருமுயற்சி. அதன் நோக்கில் அரசின் ரயத்துவாரி ஏரிகளே முதன்மை பெற்றன. ஜமீன் நிலங்கள் விளிம்பிலேயே நின்றன.

வீதத்தை அளத்தல்: மண்ணியலின் வருகை

ஊடுருவல் தன்னளவில் ஓர் ஆய்வுப்பொருளாவதற்கு மண்ணை நீர் நகரும் ஊடகமாகக் காணும் அறிவியல் தேவைப்பட்டது. பிரான்சின் திஜோன் நகரில் ஆன்றி டார்சி 1856இல் மணல் வழியே நீர் செல்லும் விதியை வெளியிட்டார். அது நீரால் முழுதும் நிரம்பிய மணலுக்கு உரியது. மழைக்கால நிலமோ நீரும் காற்றும் கலந்த துளைகளைக் கொண்டது. பக்கிங்காம் 1907இல் நிரம்பாத மண்ணில் நீரின் நகர்வை விளக்கினார். ஆஸ்திரேலியாவின் கிரீன், ஆம்ப்ட் ஆகியோர் 1911இல் ஈரமுனை கூர்மையான எல்லையாகக் கீழிறங்குகிறது என்னும் எளிய மாதிரியை அமைத்தனர். ரிச்சர்ட்ஸ் 1931இல் நிரம்பாத மண்ணுக்குரிய பொதுச் சமன்பாட்டைத் தந்தார். ஆர்ட்டன் 1933இல் நீரியல் சுழற்சியில் ஊடுருவலின் இடத்தை வரையறுத்தார். மழை தொடங்கும்போது மிகுந்திருக்கும் ஊடுருவல் வீதம் விரைந்து குறைந்து ஒரு நிலையான வீதத்தை அணுகுகிறது என்பது அவர் கண்ட ஒழுங்கு. பிலிப் 1957இல் இதன் இயற்பியலை விளக்கினார். தொடக்கத்தில் உலர்ந்த மண்ணின் உறிஞ்சுதல் ஓங்குகிறது. நேரம் செல்லச் செல்லப் புவியீர்ப்பே எஞ்சுகிறது.

இந்தியாவில் நேரடி அளவீட்டின் தொடக்கமாக லெதரின் பணியைக் குறிப்பிட வேண்டும். வேளாண் வேதியியலாளரான அவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கான்பூரிலும் பூசாவிலும் வடிநீர்மானிகளை ஆய்ந்தார். மண்கட்டியைச் சுவர்களால் தனிப்படுத்தி, அதன் அடியில் வடியும் நீரைச் சேகரித்து அளக்கும் அமைப்பு அது. பொறியாளர் 'இழப்பு' என்று எழுதிய நீர் அங்குப் பாத்திரத்தில் ஏந்தி அளக்கப்பட்டது. எனினும் அவை கங்கைச் சமவெளி வண்டல் மண்ணுக்கு உரியவை.

களத்தில் பரவலாக வழங்கும் கருவி இரட்டை வளைய ஊடுருவல்மானி. பொதுவாக 30, 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரு உலோக வளையங்கள் ஒன்றனுள் ஒன்றாக மண்ணில் இறக்கப்படும். இரண்டிலும் நீர் நிரப்பி, உள்வளையத்தில் நீர்மட்டம் இறங்கும் வேகம் குறிக்கப்படும். பக்கவாட்டில் பரவும் நீரை வெளிவளையம் ஈடுசெய்வதால் உள்வளைய நீர் பெரும்பாலும் செங்குத்தாக இறங்குகிறது. உலக உணவு வேளாண்மை அமைப்பின் பயிற்சி நூல்கள் தரும் நிலையான வீதங்கள் இவை: மணலில் மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல், மணற்சாரியில் 20 முதல் 30, இருபொறை மண்ணில் 10 முதல் 20, களிச்சாரியில் 5 முதல் 10, களிமண்ணில் 1 முதல் 5.

இவ்வெண்களைப் பயன்படுத்துவதில் ஓர் எச்சரிக்கை தேவை. வளையம் அளப்பது ஓர் இடத்தின் கொள்திறனை; அவ்விடத்தில் நடந்தேறிய ஊடுருவலை அன்று. வளையத்திற்குள் நீர் எப்போதும் தேங்கி நிற்கிறது. இயற்கை மழையோ அவ்வாறு தொடர்வதில்லை. கொள்திறனைவிட மென்மையாகப் பெய்யும் மழை முழுவதும் இறங்கிவிடும். கடுமழையின் ஒரு பகுதியே இறங்கும். மேலும், குன்றடிச் செம்மண், உழுத கொல்லை, ஏரியின் வண்டல் தரை ஆகிய மூன்றும் சில நூறு மீட்டர் தொலைவிற்குள் அடுத்தடுத்து அமைவது இத்தகைய நிலப்பரப்பின் இயல்பு. ஒரு புள்ளியின் வீதத்தைக் கொண்டு ஊரின் வீதத்தைக் கூற இயலாது.

ஏரித்தரை இதற்குச் சிறந்த சான்று. 1997ஆம் ஆண்டின் நிலத்தடி நீர் மதிப்பீட்டு நெறிமுறை, ஏரிகளிலிருந்து நிலத்தடிக்குச் செல்லும் கசிவை நாளொன்றுக்கு 1.4 மில்லிமீட்டர் எனக் கொள்கிறது. களிமண்ணின் மிகக் குறைந்த வளைய வீதமான மணிக்கு 1 மில்லிமீட்டர்கூட நாளொன்றுக்கு 24 மில்லிமீட்டர் ஆகும். பதினேழு மடங்கு வேறுபாடு. இரண்டில் ஒன்று பிழை என்பது இதன் பொருளன்று. ஒன்று சில மணிநேரச் சோதனை. மற்றொன்று மாதக்கணக்கில் நீர் நின்று, நுண்வண்டல் படிந்து துளைகள் அடைபட்ட தரையின் சராசரி. 40 ஹெக்டேர் நீர்ப்பரப்பு 120 நாள் நிலைத்தால், நெறிமுறையின்படி 67,200 கன மீட்டர் நீர் நிலத்தடிக்குச் சென்றதாகக் கொள்ளப்படும். வண்டல் அகற்றப்பட்ட ஏரிக்கும் அகற்றப்படாத ஏரிக்கும் இதே எண்ணே. தமிழகத்தில் 2017 முதல் உழவர்கள் ஏரி வண்டலைக் கட்டணமின்றி எடுத்துச்செல்ல வழிசெய்யப்பட்டுள்ள நிலையில், அச்செயல் கசிவை எவ்வளவு மாற்றியது என்பது இந்த எண்ணில் வெளிப்படாது.

ஈரத்தின் ஆழம் மீண்டு வருதல்: டிரிட்டியம்

1960களில் ஐடல்பர்க்கில் மியூனிக் வளர்த்தெடுத்த டிரிட்டியம் செலுத்தும் முறையை 1970கள் தொட்டு ஐதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் இந்தியாவின் பல வடிநிலங்களில் கையாண்டது. பருவமழைக்கு முன் வேர் மண்டலத்தின் அடியில், ஏறத்தாழ 60 முதல் 80 சென்டிமீட்டர் ஆழத்தில், டிரிட்டியம் கலந்த சிறிதளவு நீர் செலுத்தப்படும். பருவம் முடிந்தபின் அதே இடத்தில் மண் துளையிட்டு எடுக்கப்பட்டு, ஆழவாரியாக ஈரமும் டிரிட்டியமும் அளக்கப்படும். மேலிருந்து வரும் புதுநீர் பழைய நீரைக் கீழ்நோக்கித் தள்ளும் என்பது கோட்பாடு. டிரிட்டியத்தின் உச்சம் 50 சென்டிமீட்டர் இறங்கியுள்ளது, அப்பகுதி மண்ணின் ஈரம் கன அளவில் 12 விழுக்காடு எனில், கீழ்ச்சென்ற நீர் 60 மில்லிமீட்டர். பருவமழை 750 மில்லிமீட்டராயின் அது 8 விழுக்காடாகும்.

முறையியல் நோக்கில் இது உழவு மழையின் வழித்தோன்றலைப் போன்றது. பருவம் முடிந்தபின் மண்ணைத் தோண்டி நீர் எவ்வளவு ஆழம் இறங்கியது எனக் காண்பதே இரண்டிலும் நிகழ்கிறது. ஒன்று மற்றொன்றிலிருந்து தோன்றியது என்று கூறுவதற்கில்லை. ஆயினும் ஒரே பொருளை அளக்க முற்பட்ட இரு மரபுகளும் ஆழம் என்னும் அலகில் சந்திக்கின்றன. உழவர் வேர் மண்டலத்திற்குள் அளந்ததை டிரிட்டியம் அதற்குக் கீழே அளக்கிறது. மண் தாங்கும் ஈரத்தால் பெருக்கி மில்லிமீட்டராக மாற்றி ஒப்பீட்டிற்கு உரியதாக்குகிறது.

இந்தியாவின் ஏறத்தாழ 35 ஆய்வுப் பகுதிகளில் கிடைத்த முடிவுகளை ரங்கராஜன், ஆதவலே ஆகியோர் தொகுத்து 2000இல் வெளியிட்டனர். பருவமழையில் ஏறத்தாழ 4 முதல் 20 விழுக்காடு வரை செறிவூட்டல் வேறுபடுவதை அத்தொகுப்பு காட்டியது. டிரிட்டிய முறைக்கும் ஒரு குறை உண்டு. பாறை வெடிப்பு, வேர்த்துளை, புற்று வழியாக விரைந்து செல்லும் நீரை அது தவறவிடுகிறது. சுகிஜாவும் உடனாய்வாளர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வு, வெடிப்புற்ற கிரானைட் பகுதிகளில் மொத்தச் செறிவூட்டலில் ஏறத்தாழ முக்கால் பங்கு இத்தகைய தனிவழிகளில் செல்லக்கூடும் எனக் கண்டது. கடும்பாறை வட்டாரமான திருத்தணிக்கு இம்முடிவு மிகவும் இன்றியமையாதது. அங்கு மண்ணின் ஈரம் மட்டும் கொண்டோ, கிணற்றின் நீர்மட்டம் மட்டும் கொண்டோ முடிவுக்கு வருவது பொருந்தாது.

விழுக்காடு: கடன் கணக்கில் பிறந்த எண்

களத்தில் அளவீடுகள் இவ்வாறு விரிந்துகொண்டிருக்க, நிருவாகம் வேறொரு வழியில் சென்றது. பசுமைப் புரட்சிக் காலத்தில் கிணறுகளும் மின்னிறைப்பிகளும் பெருகின. பி. எச். ஃபார்மர் பதிப்பித்து 1977இல் வெளிவந்த வடஆர்க்காடு, இலங்கை நெற்பகுதிகள் பற்றிய ஆய்வுத் தொகுதி, இம்மாற்றத்தின் நீரியல் விளைவுகளையும் எடுத்துப் பேசியது. கிணறுகளுக்குக் கடன் வழங்கியோர்க்கு ஓர் உடனடி வினா எழுந்தது: இப்பகுதியில் இன்னும் எத்தனை கிணறுகளுக்குக் கடன் தரலாம்? வேளாண் மறுநிதி வளர்ச்சிக் கழகம் அமைத்த நிலத்தடி நீர் மிகைச்சுரண்டல் குழு 1979இல் நெறிகளை வகுத்தது. தொடர்ந்து நிலத்தடி நீர் மதிப்பீட்டுக் குழுவின் 1984, 1997, 2015ஆம் ஆண்டு நெறிமுறைகள் வந்தன. நாடு முழுவதற்கும் விரைந்து கணக்கிட வேண்டிய தேவை இருந்தது. எல்லா ஊரிலும் அளந்து முடிக்கும்வரை காத்திருக்க இயலாத நிலையில், பாறை வகைக்கு ஒரு விழுக்காடு என்பது அறிவார்ந்த தீர்வே.

1997ஆம் ஆண்டு நெறிமுறையின் எண்கள் இவை: கிழக்குக் கடற்கரை வண்டலுக்கு மழையில் 16 விழுக்காடு, களி குறைந்த சிதைவுற்ற கிரானைட், நைஸ் பாறைக்கு 11, களி மிகுந்ததற்கு 8, சார்னோகைட் போன்ற பாறைகளுக்கு 5. கொசஸ்தலையாற்றின் கீழ்ப்பகுதி வண்டல், ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு 1966 முதல் 1969 வரை சென்னைக் குடிநீருக்காக விரிவாக ஆராயப்பட்டது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் நீர்க்கிணற்றுப் புலங்கள் அதன் பயன். பெருநகரின் தாகம் ஆராய்ச்சியைக் கீழ்ப்பகுதிக்கு ஈர்த்தது. மேற்பகுதிக் கடும்பாறை நிலத்திற்கு அத்தகைய ஈர்ப்பு இல்லை.

இந்த எண்களுக்கிடையே உள்ள வேறுபாடு ஓர் ஊரை என்ன செய்யும் என்பதை ஓர் எளிய கணக்கால் காட்டலாம். 10 சதுர கிலோமீட்டர் பரப்பில் 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது; வேறு நீர்வரவு இல்லை; கிணறுகள் ஆண்டுக்கு 7.5 இலட்சம் கன மீட்டர் நீரை இறைக்கின்றன எனக் கொள்வோம். 11 விழுக்காட்டின்படி வரவு 11 இலட்சம் கன மீட்டர். இறைப்பு அதில் 68 விழுக்காடு. 70ஐத் தாண்டாததால் அப்பகுதி 'பாதுகாப்பானது'. 8 விழுக்காட்டின்படி வரவு 8 இலட்சம், இறைப்பு 94 விழுக்காடு, பகுதி 'நெருக்கடியானது'. 5 விழுக்காட்டின்படி இறைப்பு 150 விழுக்காடு; பகுதி 'மிகைச்சுரண்டலுக்கு உள்ளானது'. மழையும் மாறவில்லை, கிணறும் மாறவில்லை. பாறைக்கும் களிக்கும் இடப்பட்ட பெயர் மட்டுமே மாறியுள்ளது. கிணற்றுக் கடனும் நீரெடுப்பு அனுமதியும் இவ்வகைப்பாட்டோடு இணைந்திருப்பதால், அப்பெயரின் சுமை உழவர் மீதே இறங்குகிறது.

கிணற்று நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு செறிவூட்டலைக் கணக்கிடும் வழியையும் அதே நெறிமுறை முதன்மையாகப் பரிந்துரைக்கிறது. ஆனால் அதற்கு ஒரு கடிவாளம் உண்டு. மழைக்காலச் செறிவூட்டலுக்குக் கிணறுகள் தரும் விடை, விழுக்காட்டு விடையிலிருந்து 20 விழுக்காட்டிற்கு மேல் குறைந்தால், விழுக்காட்டு விடையின் 0.8 மடங்கு ஏற்கப்படும். 20 விழுக்காட்டிற்கு மேல் மிகுந்தால் 1.2 மடங்கு. மேற்கண்ட கணக்கில் கிணறுகள் 6 இலட்சம் கன மீட்டர் எனக் காட்டினாலும், 11 விழுக்காட்டு நெறி அதனை 8.8 இலட்சமாக உயர்த்தும். கிணறுகளின் சான்றுப்படி இறைப்பு 125 விழுக்காடு. ஏட்டின்படி 85 விழுக்காடு.

இவ்வரம்பு காரணமின்றி விதிக்கப்படவில்லை. நீர்மட்ட உயர்வை நீரளவாக மாற்றப் பாறையின் நீர்விடு திறன் தேவை. களி குறைந்த சிதைவுற்ற கிரானைட்டுக்கு அது 3 விழுக்காடு. களி மிகுந்ததற்கு 1.5 விழுக்காடு. கிணற்றில் 2 மீட்டர் உயர்வு முன்னதில் 60 மில்லிமீட்டர், பின்னதில் 30 மில்லிமீட்டர். எனவே கிணற்று அளவீடும் ஐயத்திற்கு அப்பாற்பட்டதன்று. ஆயினும் ஐயத்தைத் தீர்க்க உள்ளூர் அளவீட்டை நாடுவதற்கு மாறாக, பொது எண்ணை நடுவராக அமர்த்தும்போது, அளவீட்டின் பணி பொது எண்ணை உறுதிசெய்வதாகச் சுருங்கிவிடுகிறது.

எல்லையும் வடிநிலமும்

திருத்தணியின் நிருவாக வரலாறு இச்சிக்கலை மேலும் கூர்மையாக்குகிறது. வடஆர்க்காட்டில் இருந்த அப்பகுதி 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்திற்குச் சென்றது, 1953இல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது, ம. பொ. சிவஞானம் முதலியோர் முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்தின் தொடர்ச்சியாக, படாஸ்கர் பரிந்துரையின் அடிப்படையில் இயற்றப்பட்ட 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தில் இணைந்தது. செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து பின்னர்ப் பிரிந்த திருவள்ளூர் மாவட்டத்தில் இன்று உள்ளது. ஒரு நூற்றாண்டு கால மழை, கிணறு, சாகுபடி விவரங்களைத் தொடராகக் காண விரும்பும் ஆய்வாளர் நான்கு மாவட்டங்களின், இரண்டு மாநிலங்களின் ஆவணங்களில் தேட வேண்டும்.

படாஸ்கர் கொண்ட அளவுகோல்கள் மூன்று: ஊரே அலகு, நிலத்தொடர்ச்சி, மொழிப் பெரும்பான்மை. மக்களின் உரிமையைத் தீர்க்க அவை பொருத்தமானவை. ஆனால் நீர் அக்கோட்டைப் பின்பற்றுவதில்லை. கொசஸ்தலையாற்றுக்கும் அதனோடு சேரும் நகரியாற்றுக்கும் ஆந்திரப் பகுதியில் நீர்ப்பிடிப்பு உண்டு; இரண்டின் நீரும் 1944இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தை அடைகிறது. கடும்பாறைப் பகுதிகளில் நீர்வடிப்பகுதியே மதிப்பீட்டு அலகாக இருக்க வேண்டும் என 1997ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகிறது. தமிழகத்தில் மதிப்பீடு முதலில் ஒன்றிய அளவிலும் பின்னர்க் குறுவட்ட அளவிலும் நடைபெற்றது. சிறிய அலகு என்பதால் குறுவட்டம் முன்னேற்றமே. எனினும் அது வருவாய்த் துறையின் அலகு, நீரின் அலகன்று. எல்லையோர ஊர் ஒன்றில் மழை ஊடுருவும் நிலம் ஒரு மாநிலத்திலும், அதனைப் பெறும் கிணறு மற்றொரு மாநிலத்திலும் இருக்க வாய்ப்புண்டு. அந்நிலையில் வரவும் செலவும் ஒரே ஏட்டில் சந்திப்பதில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, ஊடுருவல் அளவீட்டின் வரலாற்றைப் பிழையிலிருந்து துல்லியத்திற்குச் சென்ற ஒரே நேர்கோடாகக் காண இயலாது. ஆழம் உழவுக்கும், வழிந்தோடு நீர் பாசனக் கட்டுமானத்திற்கும், வீதம் மண்ணியலுக்கும், விழுக்காடு கடனுக்கும் விடையளித்தன. ஒவ்வோர் அலகும் தன்னை உருவாக்கிய தேவையைச் சுமந்து நிற்கிறது.

இரண்டாவதாக, உழவு மழை என்னும் அலகை மழையளவின் செம்மையற்ற வடிவமாகக் கருதும் போக்கு திருத்தப்பட வேண்டும். அது ஊடுருவலின் அலகு. டிரிட்டிய முறை ஈர ஆழத்தை நாடியமை அவ்வலகின் பொருத்தப்பாட்டைப் பின்னோக்கி உறுதிப்படுத்துகிறது.

மூன்றாவதாக, திருத்தணி போன்ற கடும்பாறை எல்லை வட்டாரங்களில், வகைப்பாட்டைத் தீர்மானிக்கும் விழுக்காடு உள்ளூர் அளவீட்டால் சோதிக்கப்பட வேண்டும். குன்றடி, கொல்லை, ஏரித்தரை ஆகிய மூன்று நிலைகளிலும் வளைய அளவீடு. பருவத்தின் முன்னும் பின்னும் ஈர ஆழப் பதிவு. அவற்றோடு கிணற்று நீர்மட்டம் என்பன இதற்குப் போதிய தொடக்கம். இவற்றுள் ஈர ஆழத்தைப் பதிவது மண்வெட்டியும் அளவுகோலும் கொண்டு ஊரார் செய்யத்தக்கது. அதனை நிருவாக எல்லையின்படி அன்றி, இரு மாநிலமும் சேர்ந்த நீர்வடிப்பகுதியின்படி தொகுத்தல் வேண்டும்.

68 விழுக்காட்டிற்கும் 94 விழுக்காட்டிற்கும் இடையே நிற்பது களி மிகுந்ததா, குறைந்ததா என்னும் ஒரு தீர்ப்பு. அத்தீர்ப்பை வழங்க அந்த ஊரின் மண்ணைத் தோண்டிப் பார்ப்பதே முதற்படி.